மிருகக்காட்சிசாலையில் ஆராய்ச்சி: குமரி மாவட்ட மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் ஆர்வமுள்ள சிலரைத் தேர்ந்து, மிருகக்காட்சிசாலையில் முறையாக ஆராய்ச்சி செய்யப் பழக்கும் வேலையை உயிரியல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து செய்துவருகிறோம். ஒவ்வொரு ஆண்டும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அவை நீளமாக வேண்டியவைதான்.

மிருகக்காட்சிசாலையில் ஆராய்ச்சி என்றால் என்ன? சுற்றுலா போல் கூட்டிப்போய்க் காட்டுவதுதானே?

இல்லை. சுற்றுலா போனால் ஒரு நாளில் எல்லா விலங்குகளையும் பார்த்துவிட வேண்டும். இங்கே ஒரு பிள்ளை பல வாரங்களுக்கு ஒரே ஒரு விலங்கைப் பார்க்கும். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, எண்களாகப் பதிவு செய்து, கணக்குப் போட்டு, பதிலை எழுத வேண்டும். பதில் நாம் நினைத்ததற்கு நேர் எதிராக வந்தாலும் அதை அப்படியே எழுத வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சிசாலையை ஒட்டி, நார்த் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியின் ஒரு பிரிவு 1981 முதல் இப்படி இயங்குகிறது. மினசோட்டா மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் 11, 12ஆம் வகுப்புகளுக்கென்றே 1995-இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 1997-இல் தொடங்கிய பள்ளியை ஊர்க்காரர்கள் ‘ஸூ ஸ்கூல்’ என்றே சொல்கிறார்கள். அங்கே பள்ளியே மிருகக்காட்சிசாலையில் இருக்கிறது. நமக்கு அந்த வசதி கிடையாது. விடுமுறை நாட்களையும் சனிக்கிழமைகளையும் வைத்துத்தான் நடத்துகிறோம்.

குமரி மாவட்டத்தில் பெரிய மிருகக்காட்சிசாலையே இல்லையே? எங்கே செய்வது?

திருவனந்தபுரத்தில். 1857-இல் தொடங்கிய அந்த மிருகக்காட்சிசாலை இந்தியாவின் மிகப் பழையவற்றில் ஒன்று. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஆகவே நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் அது நம் ஊர் மிருகக்காட்சிசாலைதான். இன்றைக்கும் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தம்பானூரில் இறங்கிவிடலாம், அங்கிருந்து மிருகக்காட்சிசாலை இருக்கும் மியூசியம் வளாகத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. சென்னை வண்டலூர் பூங்கா பெரியது, 602 ஹெக்டேர். ஆனால் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்துதான் அங்கே போக முடியும். திரும்பத் திரும்பப் போகவேண்டிய வேலைக்கு அது ஒத்துவராது.

பயிற்சிக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கும் அதே கோட்டை. அங்கே மான்களும் பறவைகளும் உண்டு. ஒரு பிள்ளை மானைப் பார்த்துப் பதிவு செய்யப் பழக அது தாராளமாகப் போதும்.

அப்புறம் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்கள். சுசீந்திரம்-தேரூர் சதுப்பு நிலமும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. அடைப்பில் இருக்கும் ஒரு கூழைக்கடா எப்படி நாளைக் கழிக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதினால், தேரூர்க் குளத்தில் இருக்கும் கூழைக்கடா எப்படிக் கழிக்கிறது என்று இன்னொரு பிள்ளை எழுதலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு சென்னைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

யார் சேரலாம்? எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

மதிப்பெண் கேட்பதில்லை. ‘திறமையான மாணவர்’ என்றதும் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையைத்தான் பள்ளிகள் அனுப்பிவைக்கின்றன. முதல் ரேங்க் பிள்ளைகளில் நல்ல ஆராய்ச்சியாளர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய திறமையை எந்தத் தேர்விலும் அளப்பதில்லை. ஒன்றும் நடக்காத அரை மணி நேரத்தைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுதத் தெரிய வேண்டும்.

அதனால் தேர்வு இப்படி. வீட்டுக் கோழியோ தெரு நாயோ மதில்மேல் காக்கையோ, ஏதாவது ஒன்றை அரை மணி நேரம் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்வோம். “கோழி கோபமாக இருந்தது” என்று ஒரு பிள்ளை எழுதும். “கழுத்து இறகைச் சிலிர்த்தது, சின்னக் கோழியை இரண்டு தடவை கொத்தியது, சின்னது வாழைக்குப் பின்னால் போனது” என்று இன்னொரு பிள்ளை எழுதும். நமக்கு வேண்டியது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையையும் விட்டுவிடுவதில்லை. வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்து மறுபடி எழுதச் சொன்னால் பாதிப் பேர் அருமையாக எழுதிவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த பிறகு எவ்வளவு மாறுகிறார்கள் என்பதை நான் ரொம்பவும் கவனிப்பேன். ஏற்கெனவே தெரிந்திருப்பதைவிட அது முக்கியம்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் பிரகாசிப்பதைப் பார்த்து அவர்களுடைய பள்ளி ஆசிரியர்களே ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

அங்கே போய் உண்மையில் என்ன செய்வார்கள்?

முதல் வேலை, அந்த விலங்கின் செயல்களுக்கு ஒரு பட்டியல் போடுவது. இதை எத்தோகிராம் என்பார்கள். நடத்தல், படுத்தல், தின்னல், உடம்பைச் சொறிதல், மற்றதன் மயிரைக் கோதுதல், ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடத்தல், கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். ‘நடத்தல்’ எங்கே முடிகிறது, ‘ஒரே தடத்தில் நடத்தல்’ எங்கே தொடங்குகிறது? ஒரே பாதையில் இடைவிடாமல் மூன்று முறை போய்வந்தால் அது இரண்டாவது வகை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் எழுதுவோம்.

இரண்டாவது, எப்போது எழுதுவது என்ற விதி. பார்க்கும்போது சுவாரசியமாகத் தோன்றுவதை மட்டும் எழுதினால் நோட்டு முழுக்கச் சண்டையும் கர்ஜனையும்தான் இருக்கும். தூங்கிய நேரம் காணாமல் போய்விடும். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. விலங்கு நடத்தை படிக்கும் எல்லாரும் இன்றுவரை அதைத்தான் பின்பற்றுகிறார்கள். நம் பிள்ளைகள் செய்வது அதிலிருந்து எடுத்த எளிய முறை. கைக்கடிகாரம் நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கும். ஒலித்த அந்த நொடியில் விலங்கு என்ன செய்கிறதோ அதற்குரிய குறியீட்டை மட்டும் எழுத வேண்டும். அடுத்த நொடியே அது எழுந்து குதித்தாலும் எழுதக் கூடாது. முப்பது நிமிடம் உட்கார்ந்தால் முப்பது குறியீடுகள். அதில் பன்னிரண்டு ‘படுத்தல்’ என்றால் அந்த அரை மணியில் ஏறக்குறைய 40 சதவீதம் படுத்திருந்தது என்று சொல்லலாம்.

குதித்ததை எழுதக் கூடாது என்றதும் பிள்ளைகள் முகம் வாடிவிடும். நோட்டின் ஓரத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம், கணக்கில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டுக்கான நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்த ஓரக் குறிப்புகளிலிருந்துதான் கிடைக்கின்றன.

மூன்றாவது, இரண்டு பிள்ளைகள் ஒரே விலங்கைத் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு இரண்டு நோட்டையும் ஒப்பிடுவோம். நூறில் அறுபதுதான் ஒத்துப்போகிறது என்றால் விலங்கின்மேல் குற்றமில்லை, நம் பட்டியலில் விளக்கம் போதவில்லை. இந்தப் பொருத்தம் நன்றாக வரும்வரை உண்மையான பதிவைத் தொடங்குவதில்லை. உதயகிரிப் பூங்கா பெரும்பாலும் இதற்குத்தான் பயன்படுகிறது.

ஆராய்ச்சிக் கேள்வியை யார் தருவார்கள்?

பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் செதுக்க உதவுவோம். “புலி ஏன் சோகமாக இருக்கிறது?” என்பதற்குப் பதிவு நோட்டால் பதில் சொல்ல முடியாது. “சாப்பாடு வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் புலி ஒரே தடத்தில் நடப்பது கூடுகிறதா?” என்று மாற்றினால் முடியும்.

நன்றாக வேலை செய்யும் சில கேள்விகள் சொல்கிறேன். நீர்யானை மூச்சு வாங்க மூக்கைத் தூக்கும் இடைவெளி மதிய வெயிலில் கூடுகிறதா, குறைகிறதா? ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே செய்யலாம். கூட்டத்தில் நிற்கும் புள்ளிமான் தனியாக நிற்பதைவிடக் குறைவான தடவை தலை தூக்கிப் பார்க்கிறதா? காட்டு மான்களிலும் பறவைகளிலும் பலர் ஆராய்ந்த கேள்வி இது. பல கண்கள் காவலுக்கு இருந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் நிம்மதியாக மேயலாம் என்பது கருத்து. புலியே வராத அடைப்பிலும் அது பொருந்துமா என்று பார்ப்பது இன்னும் சுவையான விஷயம்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு வசதி உண்டு. ஓணம் நாட்களில் திருவனந்தபுரத்தில் கூட்டம் அலைமோதும். ஓணத்துக்கு நம் மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை. ஆனால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு, டிசம்பர் 3 அன்று, இங்கே மட்டும்தான் விடுமுறை, அங்கே சாதாரண நாள். கூட்டமான நாளும் கூட்டமில்லாத நாளும் இரண்டும் நமக்கு விடுமுறையாக வாய்க்கின்றன. பார்வையாளர் கூட்டம் விலங்கின் நடத்தையை மாற்றுகிறதா என்று கேட்க இதைவிட நல்ல அட்டவணை கிடைக்காது. (டிசம்பர் 3 திங்கட்கிழமை வந்தால் மட்டும் பலிக்காது. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குத் திங்கள் விடுமுறை.)

விலங்குகளைத் தொடலாமா? தீனி கொடுக்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 38ஜே பிரிவு, மிருகக்காட்சிசாலை விலங்குகளைச் சீண்டுவதையும், தீனி கொடுப்பதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குரங்கிடமிருந்து மனிதனுக்கும் மனிதனிடமிருந்து குரங்குக்கும் காசநோய் போன்றவை தொற்றலாம். இருமலோ காய்ச்சலோ இருக்கும் பிள்ளை அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். இதில் சலுகை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கை காட்டினால் விலங்கு உங்களைப் பார்க்கும். அப்போது பதிவாவது விலங்கின் நாள் அல்ல, உங்கள் வருகை. அதனால்தான் பளிச்சென்ற உடை வேண்டாம், தடுப்புக்கு வெளியே ஒரே இடத்தில் உட்கார வேண்டும், வந்ததும் சில நிமிடம் எழுதாமல் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பொதுமக்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு போதும் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு என்ன விலங்கு, என்ன கேள்வி, எந்த நாட்கள், எத்தனை பேர் என்று ஒரே பக்கத்தில் எழுதி முன்கூட்டியே மிருகக்காட்சிசாலை நிர்வாகத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்குகிறோம். கடிதம் கொடுத்தால்தான் காப்பாளர்கள் நம்மிடம் பேசுவார்கள். அவர்கள் பேசாவிட்டால் பாதி ஆராய்ச்சி இல்லை. எந்த விலங்கின் வயது என்ன, எது எதற்குத் தாய், எப்போது தீனி, எந்த நாளில் தீனி இல்லை எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புலி, சிங்கத்துக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. அது எந்த நாள் என்று தெரியாமல் தின்னும் நடத்தையை ஆராய்ந்தால் கணக்கு முழுவதும் தப்பிவிடும்.

காப்பாளர்களிடம் மலையாளத்தில்தான் பேச வேண்டியிருக்கும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தோவாளைப் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களோடு சேர்ந்து போனால் சரியாகிவிடும். ஜோடி சேர்க்கும்போது இதையும் பார்த்துத்தான் சேர்க்கிறோம்.

“விலங்கைக் கூண்டில் அடைத்து வைப்பதே தப்பு, நான் வரமாட்டேன்” என்கிறாள் என் மகள். என்ன சொல்வது?

அவளைக் கண்டிப்பாக அனுப்புங்கள். இந்தக் கேள்வி கேட்கும் பிள்ளைதான் அங்கே உட்கார வேண்டும்.

அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2003-இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் ஊனுண்ணி விலங்குகளைப் பற்றி நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காட்டில் விரிந்த பரப்பில் திரியும் விலங்குகள்தான் அடைப்பில் அதிகமாக ஒரே தடத்தில் நடந்து தவிக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நம் நாட்டிலும் இப்படி ஆய்வு உண்டு. அவந்தி மல்லாபுர், அனிந்தியா சின்ஹா, நடாலி வாரன் மூவரும் இந்திய மிருகக்காட்சிசாலைகளில் இருந்த சிங்கவால் குரங்குகளைப் பார்த்து 2005-இல் எழுதினார்கள். பார்வையாளர்கள் இருக்கும்போது அவற்றின் இயல்பற்ற நடத்தை கூடியது, கூட்டாளிகளோடு பழகுவது குறைந்தது.

இதைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். மக்களே, அந்தக் குரங்கு கஷ்டப்படுகிறது என்று உனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு நேரம், எப்போது, எந்தச் சூழலில் என்று எண்ணிக் காட்டினால் நிர்வாகத்துக்கு ஒரு வழி கிடைக்கும். அடைப்பின் முன்பக்கம் செடி வைக்கலாம், தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் தேடித் தின்னும்படி ஒளித்து வைக்கலாம், ஏறி மறைய உயரமான மேடை கட்டலாம். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஹால் மார்க்கோவிட்ஸ் இப்படித்தான் தொடங்கினார், விலங்குகள் தாமே வேலை செய்து தீனி பெறும் ஏற்பாடுகளைச் செய்து பார்த்தார். இன்றைக்கு உலகம் முழுக்க மிருகக்காட்சிசாலைகளில் அது அன்றாட வேலை. மாற்றத்துக்கு முன்னால் எண்ணி, மாற்றத்துக்குப் பின்னாலும் எண்ணினால்தான் பலன் உண்டா என்று தெரியும்.

சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. 1970களில் ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் அதைக் காட்டில் ஆராய்ந்தது நம் அசம்பு மலைகளில்தான். நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலை. அங்கே மழைக்காட்டில் மரம்விட்டு மரம் தாவும் விலங்கை நம் பிள்ளைகளில் அநேகமாக யாரும் நேரில் பார்த்ததில்லை, கூண்டில்தான் பார்த்திருக்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஆனால் கூண்டில் அதை உன்னிப்பாகப் பார்த்த பிள்ளை, மலையில் சோலைக்காடு அழியும் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோகமாட்டாள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் மகள் ஆராய்ச்சி முடித்தபிறகும் “அடைப்பது தப்பு” என்றே எழுதினால் அதையும் ஏற்றுக்கொள்வோம். பதிவோடு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு? பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

கட்டணம் கிடையாது. ரயில், பஸ், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவருவது நல்லது. முடியாத பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வோம், அது யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியை கூட வருவார். காலை ரயிலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அம்மாவோ பாட்டியோ கூட வருகிறேன் என்றால் தாராளமாக வரலாம். மர நிழலில் உட்கார இடம் இருக்கிறது.

பாடம் கெடாதா? நீட் தேர்வுக்கு இது உதவுமா?

நேராகச் சொல்கிறேன், நீட் தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. சான்றிதழைக் காட்டி எந்தக் கல்லூரியிலும் இடம் வாங்க முடியாது. அதற்காக அனுப்புவதாக இருந்தால் அனுப்பவேண்டாம்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு யாரையும் அழைப்பதில்லை. ஒன்பதும் பதினொன்றும்தான் நல்ல காலம். காலாண்டு விடுமுறை, கோடை விடுமுறை, இடையில் சில சனிக்கிழமைகள் போதும்.

விலங்குகளோடு வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மருத்துவம் ஒன்றே வழி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால்நடை மருத்துவம் இருக்கிறது, திருநெல்வேலியிலேயே கல்லூரி உண்டு. அறிவியல் ஆராய்ச்சிக்கு ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, திருவனந்தபுரம் ஐசர் வித்துராவில், நமக்குப் பக்கம். இளங்கலை விலங்கியல் முடித்து மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை படிக்கலாம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் கோவை சலீம் அலி மையமும் அதற்கு அடுத்த படி. இந்தப் பெயர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை கேள்விப்பட்டால் நல்லது.

கணக்கு பலவீனமான பிள்ளை சமாளிக்குமா?

சமாளிக்கும். சதவீதமும் சராசரியும் தெரிந்தால் தொடங்கலாம். அதற்கு மேல் நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு உத்தி, அதற்குச் சூத்திரமே வேண்டாம்.

உதாரணமாக, கூட்டமான எட்டு அரைமணிகளிலும் கூட்டமில்லாத எட்டு அரைமணிகளிலும் ஒரு குரங்கைப் பதிவு செய்திருக்கிறோம் என்று வையுங்கள். இரண்டு சராசரிக்கும் வித்தியாசம் 15 சதவீதம். இது உண்மையான வித்தியாசமா, தற்செயலா? பதினாறு எண்களையும் பதினாறு சீட்டுகளில் எழுதுங்கள். குலுக்கல் சீட்டு போலக் குலுக்கி, கண்ணை மூடி எட்டு எட்டாகப் பிரித்து, இரண்டு குவியலின் சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள். இருநூறு தடவை செய்து பார்த்ததில் 15 சதவீதமோ அதற்கு மேலோ நான்கைந்து தடவைதான் வந்தது என்றால், கூட்டத்துக்கும் நடத்தைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம். ஐம்பது தடவை வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கணினி இருந்தால் இதையே ஆயிரக்கணக்கில் செய்யலாம். ஆனால் முதல் தடவை சீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கையால் குலுக்கிய பிள்ளைக்குத் தற்செயல் என்றால் என்ன என்று ஒரே மாலையில் புரிந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரு புலியை முந்நூறு நிமிடம் பார்த்தால் முந்நூறு புலிகளைப் பார்த்ததாக ஆகாது. “புலிகள் இப்படி நடக்கும்” என்று எழுதக் கூடாது. “இந்தப் புலி, இந்த அடைப்பில், இந்த மாதத்தில் இப்படி நடந்தது” என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்வழி மாணவர்கள் சேரலாமா? அறிக்கையை எந்த மொழியில் எழுத வேண்டும்?

தமிழில் எழுதலாம். குறியீடுகளும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், ‘ப’ என்றால் படுத்தல். 1993-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தாய்மொழியில் ஆய்வை முன்வைக்கலாம். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் ஆய்வுக்கு மிகவும் பொருந்தும் மேடை அதுதான், ஏனென்றால் அங்கே உள்ளூர்ப் பிரச்சினையைப் பார்த்து, எண்ணி, எழுதுவதற்கு மதிப்பு உண்டு. பள்ளி மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருது வேறு மாதிரி. அது புதிய கருவி, புதிய யோசனைக்கு 10,000 ரூபாய் தருவது. தீனியை ஒளித்துவைக்கும் ஒரு பெட்டியை வடிவமைத்த பிள்ளைக்கு அது சரிப்படும், நோட்டில் எண்ணிய பிள்ளைக்கு அல்ல. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கான கிஷோர் வைஞானிக் உதவித்தொகையைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

செல்போன் கொண்டுவரலாமா? செயற்கை நுண்ணறிவை வைத்து அறிக்கை எழுதலாமா?

நேரம் பார்க்க மட்டும் போன். பதிவு நோட்டில், பென்சிலால். மழை நனைத்தாலும் பென்சில் எழுத்து அழியாது. அறிக்கையை நீங்கள்தான் எழுத வேண்டும். புலியைப் பார்த்தது நீங்கள். பார்க்காத ஒன்று அதைப் பற்றி எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால்?

“வித்தியாசம் தெரியவில்லை” என்று எழுதினால் போதும். அதுவும் முடிவுதான். எண்களைக் கொஞ்சம் இப்படி அப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திட்டுவதில்லை. பள்ளி ஆய்வகத்தில் ‘சரியான விடை’ வரும்வரை எண்ணை மாற்றி எழுதிப் பழகியவர்கள் அவர்கள். இங்கே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை கிடையாது என்பதைப் புரியவைக்கக் கொஞ்ச நாளாகும்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. கூரை இருக்கும் இடத்திலிருந்து தெரியும் அடைப்பாகப் பார்த்துத் தேர்ந்துகொள்வோம். சில பிள்ளைகள் மழையையே கேள்வியாக்கிவிடுகிறார்கள். தூறலில் மான் மேய்வதை நிறுத்துகிறதா, எவ்வளவு மழைக்குப் பிறகு மரத்தடிக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள். இடி மின்னல் என்றால் அன்றைய பதிவு அத்தோடு முடிந்தது.

முடித்த அறிக்கை எங்கே போகும்?

மூன்று பிரதி. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பள்ளி நூலகத்துக்கு, ஒன்று மிருகக்காட்சிசாலைக்கு. மிருகக்காட்சிசாலைக்குப் போவதோடு, முடிவை அரைப் பக்கத்தில் மலையாளத்திலும் எழுதி அந்த விலங்கைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் கையில் பிள்ளையே நேரில் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு, “இது தப்பு, அது அந்த நேரத்தில் அப்படி நிற்பது வேறு காரணத்துக்காக” என்று சொன்னால் அதையும் எழுதி அறிக்கையின் கடைசியில் சேர்க்கிறோம். பதிவு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு அதே விலங்கைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வேண்டும்.